கேட்பதற்கு முன்னே ஒரு சொம்பு தண்ணீர்

(சென்னிமலைப் பக்கத்து ஊர் ஒன்றில், சித்திரை மாதத்து மாலைக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. வெயில் தாழ்வதற்குள்ளேயே நடந்து வந்துவிட்டீர்கள். முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் முதலில் ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடியுங்கள். அப்புறம் பேசுகிறேன்.

குடித்தாச்சுங்களா? சரி. தாகம் எடுத்துக் குடித்தீர்களா, நான் சொன்னேன் என்று குடித்தீர்களா? மனசுக்குள்ளே கேட்டுப் பாருங்கள். வெயில் காலத்தில் பெரியவர்களுக்குத் தாகம் தெரியாமல் போவது இருக்கிறதே, நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

30 வருஷத்துக்கு மேல் செவிலியராக இருந்தேன். ஆனாலும் இந்தப் பாடத்தை நான் படித்தது என் அம்மாவிடம். தோட்டத்து வீட்டில் தனியாக இருந்தார். இதே சித்திரை. காலையில் போன் செய்து, "தண்ணி குடிச்சீங்களாம்மா?" என்றேன். "குடிச்சேன் கண்ணு" என்றார். சாயங்காலம் போய்ப் பார்த்தால், கதவு ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கிறது. கட்டிலில் கழுத்து வரைக்கும் போர்வை. என்னைப் பார்த்து, இறந்துபோன சின்னம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். தலைமாட்டில் பித்தளைச் சொம்பு. மேலே மூடியிருந்த தட்டை எடுத்தால், காலையில் ஊற்றிய தண்ணீர் விளிம்பு வரைக்கும் அப்படியே இருக்கிறது. ஒரு வாய்கூடக் குறையவில்லை.

அம்மா பிழைத்துக்கொண்டார். அந்தச் சொம்பு மட்டும் இன்றைக்கும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அம்மா பொய் சொல்லவில்லை. வயது ஏற ஏற, உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் மூளை அதைத் தாகமாகச் சொல்வது மங்கிப்போகிறது. வெக்கை உறைப்பதும் குறைகிறது. அதனால்தான் நமக்குப் புழுங்கும் நேரத்தில் அவர்கள் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார்கள். வியர்வை இளவயதில் சுரந்த மாதிரி சுரக்காது. சூட்டை வெளியேற்ற இதயம் தோலுக்கு ரத்தத்தை வேகமாக அனுப்ப வேண்டும். பழைய இதயத்துக்கு அது பெரிய பாரம். வெயில் காலத்தில் மாரடைப்பும் சிறுநீரகக் கோளாறும் கூடுவது இதனால்தான்.

இன்னொரு காரணத்தை நம் பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டும். தோட்டத்து வீடுகளில் கழிப்பறை வெளியே, களத்தைத் தாண்டி இருக்கும். முட்டி வலி, இருட்டு, வழியில் இரண்டு படி. மருமகளைக் கூப்பிடக் கூச்சம். அதனால் மத்தியானத்திலிருந்தே வாயைக் கட்டிக்கொள்கிறார்கள். இதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். "தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க" என்று சொல்வதற்கு முன்னால், போகிற வழிக்கு ஒரு பல்பு, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி போட்டுக் கொடுங்கள். அவர்களாகவே குடிப்பார்கள்.

நம்மூர் வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 மே தொடக்கத்தில் ஈரோட்டில் 110 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டது. சென்னையில் கசகசவென்று வியர்க்கும். சட்டை நனைவது தெரியும். கடலை விட்டுத் தள்ளி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு வறண்ட காற்று. வியர்த்த கையோடு காய்ந்துவிடுவதால், எவ்வளவு நீர் போனது என்றே தெரியாது. ஆனால் அதே வறட்சியில் நமக்கு ஒரு நன்மையும் உண்டு. ஈரத் துண்டை மேலே போட்டால் சட்டென்று குளிரும். வெறும் ஃபேன் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் அனல் காற்றைத்தான் வீசும்; உடம்பை நனைத்துவிட்டுப் போட்டால்தான் பலன். கைகால், பிடரி, முகம் எல்லாவற்றையும் மணிக்கொரு தரம் நனைத்துவிடுங்கள்.

பகல் போனால் போச்சு என்றும் இருக்க முடியாது. பழைய ஓட்டு வீட்டில் ராத்திரி சூடு இறங்கிவிடும். கான்கிரீட் கூரை போட்ட தார்சு வீடு பகலெல்லாம் வாங்கிய சூட்டை விடிய விடிய உள்ளே இறக்கும். தறிப்பட்டறையை ஒட்டிய ஆஸ்பெஸ்டாஸ் அறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2003 ஆகஸ்டில் பிரான்ஸில் அடித்த வெயிலில் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் 75 வயதைத் தாண்டியவர்கள். கூரைக்கு நேர் கீழே இருந்த அறைகளில் ஆபத்து அதிகமாக இருந்தது. பிள்ளைகள் பலர் விடுமுறைக்கு வெளியூர் போயிருந்த மாதம் அது. நம் பிள்ளைகள் திருப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். அதனால்தான் அந்தச் சேதி எனக்குத் தூரத்துச் சேதியாகத் தெரியவில்லை.

மாத்திரை விஷயம். கால் வீக்கத்துக்கும் பிரஷருக்கும் கொடுக்கும் நீர் மாத்திரை, உடம்பிலிருந்து இன்னும் கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிடும். அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள். பங்குனியிலேயே டாக்டரிடம் போய், "வெயில் காலத்துக்கு இதே அளவுதானுங்களா?" என்று கேளுங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்குக் கம்மங்கூழ், நீச்சத்தண்ணி, மோர் எல்லாமே நல்லதுதான்.

இப்போது சொல்லப்போவதை இளையவர்கள் கவனமாகக் கேளுங்கள். காலையில் நன்றாகப் பேசிய பெரியவர் மத்தியானம் உளறினால், தள்ளாடினால், "வயசாயிருச்சு" என்று விட்டுவிடாதீர்கள். தொட்டுப் பாருங்கள். உடம்பு கொதித்தால், 104 டிகிரி பாரன்ஹீட்டை எட்டியிருந்தால், அது உயிர் போகும் ஆபத்து. 108-க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரும் வரை காத்திருக்காமல் அப்போதே குளிர்விக்கத் தொடங்குங்கள். நிழலுக்குக் கொண்டுவந்து, துணியைத் தளர்த்தி, குடத்துத் தண்ணீரால் உடம்பு முழுக்க நனைத்து விசிறுங்கள். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றி அக்குளிலும் கழுத்திலும் வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். காய்ச்சல் மாத்திரை இதற்குக் கேட்காது.

மாரியம்மன் பண்டிகையில் நம் பெண்கள் விடியற்காலை எழுந்து, வேப்பிலையோடு கோயில் முன்னால் நட்டிருக்கும் கம்பத்துக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் போயிருக்கிறேன். திரும்பி வரும் வழியில் எத்தனை வீட்டுத் திண்ணையில் தனியாக ஒரு ஆத்தாவும் அப்பாருவும் உட்கார்ந்திருக்கிறார்கள்! அந்த வீட்டில் ஒரு நிமிஷம் நின்று, சொம்பை எடுத்துப் பாருங்கள். மத்தியானம் மூன்று மணிக்கு இன்னொருவர் போய், தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறையவில்லையென்றால் கையில் கொடுத்துக் குடிக்க வைத்துவிட்டு வாருங்கள்.

மேசை மேல் ஒரு நோட்டு இருக்கிறது. தெருவாரியாகத் தனியாக இருக்கும் பெரியவர்களின் பெயரையும், மூன்று மணிக்குப் போய்ப் பார்ப்பவர் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள். கிழக்கு வீதிக்கு என் பெயரை எழுதிவிட்டேன். மற்ற வீதிகளுக்கு இன்னும் யாரும் எழுதவில்லை.