உயில் எழுதாமல் போன டைசன்

அவையோருக்கு வணக்கம். பண்ணையார் என்றதும் நமக்கு ஜரிகை வேட்டியும் வில்வண்டியும் கண்முன் வரும். இன்று நான் பேசப்போகும் ஆளிடம் அந்தப் பகட்டெல்லாம் கிடையாது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் டைசன். 1819-இல் நியூ சவுத் வேல்ஸில் பிறந்தவர். தாயார் இசபெல்லா, குற்றவாளி என்று இங்கிலாந்திலிருந்து கப்பலேற்றப்பட்டவர்.

கூலி வேலையில் தொடங்கிய வாழ்க்கை. 1850களில் விக்டோரியா பகுதியில் பெண்டிகோ என்ற ஊரில் தங்கம் அகப்பட்டதும் ஊரே மண்வெட்டியோடு ஓடியது. டைசனும் சகோதரர் வில்லியமும் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். தோண்டுகிறவனுக்குத் தங்கம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பசி மட்டும் நாள் தவறாமல் வருமே! இறைச்சி விற்ற அந்தக் காசுதான் பிறகு மேய்ச்சல் நிலமாக மாறியது. கடைசியில் அவர் கைவசம் இருந்தது 50 லட்சம் ஏக்கருக்கு மேல். அதில் சொந்தக் கிரயம் மூன்றரை லட்சம் ஏக்கர்தான்; மிச்சமெல்லாம் அரசுக் குத்தகை.

அந்தக் குத்தகைச் சீட்டுக்கு முன்பே அங்கே பழங்குடி மக்கள் வாழ்ந்தார்கள். பாலைவனத்தோடு மல்லுக்கட்டி ஜெயித்தேன், தண்ணீரில்லாத இடத்தில் தண்ணீர் கொண்டுவந்தேன் என்று டைசன் பேசியதாகச் சொல்வார்கள். அது பாலைவனமாகத் தெரிந்தது யார் கண்ணுக்கு? இதைக் கேட்காமல் என்னால் மேலே போக முடியவில்லை.

மனிதர் குடிக்கமாட்டார், புகைக்கமாட்டார், கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. சோப்புக்குப் பதில் மணலைத் தேய்த்துக் குளிப்பார் என்றுகூட ஒரு கதை உலவியது. ஊர் வைத்த பட்டப்பெயர் ‘ஹங்ரி டைசன்’, அதாவது பசிக்கார டைசன். ஆனால் குயின்ஸ்லாந்து அரசு ரயில்பாதை போட 5 லட்சம் பவுன் தருகிறேன் என்று முன்வந்ததும் இதே ‘கஞ்சன்’தான். 1893-இல் அங்கே மேலவை உறுப்பினரும் ஆனார்.

1898 டிசம்பர் 4. குயின்ஸ்லாந்தில் தமது ஃபெல்டன் பண்ணையில் இறந்தார். வயது 79. விட்டுப்போனது 20 லட்சம் பவுனுக்கு மேல். பெட்டியைத் திறந்தால் உயில் இல்லை! இத்தனை நிலத்தைக் கட்டி ஆண்டவர், யாருக்கு என்று ஒரு வரி எழுதி வைக்கவில்லை. சட்டப்படி உறவுக்காரர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

‘ஆறடி நிலம்’ என்று அங்கே யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. அதுவும் அவருக்கு ஓரிடத்தில் நிலைக்கவில்லை, ஐயா. குயின்ஸ்லாந்தின் டூவூம்பா ஊரில் புதைத்த உடலைப் பிறகு தோண்டியெடுத்து, நியூ சவுத் வேல்ஸின் கேம்பல்டவுனில் குடும்பக் கல்லறையில் கொண்டுபோய் வைத்தார்கள்.