காற்றுக்காகக் கட்டிய கோபுரங்கள்: ரிச்சர்ட்ஸ் ஆய்வகம்

(திரையில்: செங்கல் கோபுரங்கள், கீழிருந்து மேலாக)

வணக்கம். திரையில் தெரியும் இந்த உயரமான செங்கல் கோபுரங்களில் ஏறக்குறைய சன்னலே இல்லை. அப்படியானால் உள்ளே யார் இருக்கிறார்கள்? சிலவற்றில் படிக்கட்டு இருக்கிறது. மற்றவற்றில் ஆய்வகங்கள் வெளியேற்றும் காற்று மட்டுமே இருக்கிறது. ஒரு கட்டடத்தின் மிகக் கம்பீரமான பகுதியை ஒருவர் ஏன் கழிவுக் காற்றுக்கு ஒதுக்கினார் என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

இது அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உள்ள ரிச்சர்ட்ஸ் மருத்துவ ஆய்வகம். வடிவமைத்தவர், பின்னாளில் அகமதாபாத்தில் இந்திய மேலாண்மைக் கழகத்தை வடிவமைத்த லூயி கான். 1957இல் பணி தொடங்கியது. 1961இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் இந்த ஒரு கட்டடத்துக்கென்றே கண்காட்சி நடத்தியது. பின்னணி இவ்வளவு போதும்.

அலுவலகத்தில் அறைக் காற்றைக் குளிரவைத்து அதே அறைக்குள் மறுபடியும் சுற்றவிடலாம். வேதிப்பொருளின் ஆவியும் நோய்க்கிருமியும் கலந்த ஆய்வகக் காற்றை அப்படிச் செய்ய முடியாது. அதை உயரத்தில் வெளியேற்ற வேண்டும், புதுக்காற்றை வேறோர் இடத்திலிருந்து எடுக்க வேண்டும். இரண்டு வாய்களும் அருகருகே இருந்தால் வெளியே தள்ளிய நச்சே திரும்பி உள்ளே வரும். அதனால்தான் கான், நடுக்கோபுரத்தின் வழியாகத் தரைக்கு அருகே காற்றை உள்ளிழுத்து, ஆய்வகங்கள் அமைந்த கோபுரங்களை ஒட்டி நிற்கும், தொடக்கத்தில் பார்த்த அந்தச் செங்கல் கோபுரங்கள் வழியாகக் கூரைக்கும் மேலே வெளியேற்றினார். குழாய்களைத் தாம் முழுமையாக வெறுப்பதாக அவரே சொல்லியிருக்கிறார். அதனாலேயே அவற்றுக்கென்று தனி இடம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அவை கட்டடத்துக்குள் புகுந்து அதையே அழித்துவிடும் என்பது அவருடைய வாதம்.

(திரையில்: ஒரு தளத்தின் மேற்பகுதி, மிக அருகில்)

எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வந்துவிட்டோம். ஓர் ஏணியைப் படுக்கவைத்து, அதன் விளிம்பில் நிறுத்துங்கள். மேலே ஒரு நீண்ட சட்டம், கீழே ஒரு நீண்ட சட்டம், நடுவே நிற்கும் படிகள். இந்தக் கட்டடத்தின் தளங்களைத் தாங்கும், பெல்ஜியப் பொறியாளர் ஆர்தர் ஃபீரெண்டேலின் பெயரால் அழைக்கப்படும் சட்டகத்தின் வடிவம் இதுதான். வழக்கமான சட்டகத்தில் இருக்கும் குறுக்குச் சாய்வுகள் இதில் இல்லை. வெறும் செவ்வக ஓட்டைகள் மட்டுமே. அந்த ஓட்டைகள் வழியாகக் காற்றுக் குழாய், தண்ணீர்க் குழாய், மின்கம்பி எல்லாம் நூல் கோத்ததுபோல் நுழைந்து செல்கின்றன. பொறியாளர் ஆகஸ்ட் கொமெண்டன்ட் இந்த உறுப்புகளைத் தொழிற்சாலையில் கான்கிரீட்டில் வார்த்து, லாரியில் கொண்டுவரச் செய்து, கிரேனால் தூக்கிப் பொருத்தி, உள்ளே செலுத்திய எஃகு வடங்களை இழுத்து இறுக்கிப் பூட்டினார்.

வீடியோவை இங்கே ஒரு நொடி நிறுத்தி, மூலையை மட்டும் பாருங்கள். ஒவ்வோர் ஆய்வகக் கோபுரத்திலும் 45 அடிக்கு 45 அடிச் சதுரத் தளம். தூண்கள் எட்டு, பக்கத்துக்கு இரண்டு. நான்கு மூலைகளில் ஒன்றில்கூடத் தூண் இல்லை. கடைசித் தூணைத் தாண்டி 15 அடி தூரம் உத்தரம் அந்தரத்தில் நீள்கிறது. மூலையை நெருங்க நெருங்கச் சுமை குறைவதால், உத்தரத்தின் கனமும் படிப்படியாகக் குறைந்து, விளிம்பில் மெலிந்து நிற்கிறது. சுமை எந்த வழியில் போகிறது என்பதைக் கணக்குப் போடாமல் கண்ணாலேயே படித்துவிடலாம். இவ்வளவு நேர்மையான கான்கிரீட் மூலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆனால் அந்த அழகான மூலையில்தான் விஞ்ஞானிகள் அவதிப்பட்டார்கள். தூண் விட்டுக்கொடுத்த இடமெல்லாம் கண்ணாடியாக இருந்ததால் வெயில் நேராக மேசைமேல் விழுந்தது. கண் கூசியது, அறை சூடேறியது. சிலர் கண்ணாடியில் அலுமினியத் தாளை ஒட்டி மறைத்துக்கொண்டார்கள். மூடப்படாத மேற்பகுதியில் ஓடிய குழாய்களிலிருந்து தூசியும் கீழே விழுந்தது. குழாயின் தேவையை அத்தனை கவனமாகக் கேட்ட கட்டடம், மேசையில் குனிந்து வேலை செய்பவரின் கண்ணைக் கேட்கத் தவறியது பெரிய குறை என்றே நான் நினைக்கிறேன்; உலகப் புகழ் அதைச் சிறிதாக்கிவிடாது.

(திரையில்: கலிஃபோர்னியா, கடலைப் பார்த்த முற்றம்)

கான் அந்தக் குறையிலிருந்து கற்றுக்கொண்டார். 1965இல் முடிந்த சால்க் ஆய்வு நிறுவனத்தில், 65 அடி அகலமும் 245 அடி நீளமும் கொண்ட ஆய்வகத் தளத்தின் உள்ளே ஒரு தூண்கூட இல்லை. அதே ஏணிச் சட்டகம் அங்கே ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. ஒவ்வோர் ஆய்வகத் தளத்துக்கும் மேலே குழாய்களுக்கென்று ஒரு முழுத் தளமே இருக்கிறது. பழுது பார்ப்பவர் அதற்குள் நிமிர்ந்து நடந்துபோய் ஒரு குழாயை மாற்றலாம், கீழே சோதனை நிற்காமல் நடந்துகொண்டிருக்கும்.

ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள் யாராவது இதைப் பார்த்துக்கொண்டிருந்தால், உங்கள் தலைக்கு மேல் குழாய்கள் எப்படிப் போகின்றன, உங்கள் மேசைமேல் வெயில் எந்த நேரத்தில் விழுகிறது என்று கருத்துப் பகுதியில் அவசியம் எழுதுங்கள்.