பழைய காருக்குப் புது டயர்

நேயர்களுக்கு வணக்கம். பிரீமியர் பத்மினி என்றதும் உங்களில் பலருக்கு ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும் கியர் கம்பி ஞாபகத்துக்கு வரும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு வண்டி இருக்கிறது. 1984-ல் அப்பா வாங்கியது, இன்றும் ஓடுகிறது. அம்பாசிடர், பத்மினி, நம்ம சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று இப்படி ஒரு வண்டியைப் பிரியமாக வைத்திருப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. என்ஜினுக்கு ஆள் தேடுவார்கள், பெயிண்டுக்குச் செலவு செய்வார்கள். டயர் என்று வரும்போது மட்டும், "கிடைச்சதைப் போடுப்பா" என்று சொல்லிவிடுவார்கள். அந்த டயரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

2014-ல் என் வண்டிக்கு நாலு டயரும் மாற்ற வேண்டியிருந்தது. பத்மினிக்கு அளவு 5.20-14. பல கடை ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு கடையில், "சார், உங்க அதிர்ஷ்டம், ஒரு செட் இருக்கு" என்றார்கள். கறுப்பாக, பளபளப்பாக இருந்தன. புது டயரில் முடி மாதிரி ரப்பர் நீட்டிக்கொண்டிருக்குமே, அதுகூட அப்படியே இருந்தது. பட்டன், அதாவது ரோட்டில் படுகிற பக்கத்தில் இருக்கிற வெட்டு, முழுசாக இருந்தது. சந்தோஷமாக வாங்கி மாட்டிவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, மே மாசம், அக்கா மகன் கல்யாணத்துக்குத் திருச்சியிலிருந்து விழுப்புரம் போகிறோம். பின் சீட்டில் என் மனைவியும் மகளும். பெரம்பலூர் தாண்டியாயிற்று, வெயில் ஏறிவிட்டது. பின்பக்கம் இடது சக்கரத்தில் லேசாக ஓர் அதிர்வு. ரோடுதான் சரியில்லை என்று நினைத்தேன். அடுத்த ஐந்து நிமிஷத்தில் தட தட தடவென்று, யாரோ வண்டிக்கு அடியில் உட்கார்ந்து தகரத்தை அடிக்கிற மாதிரி சத்தம். வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது. எப்படியோ ஓரம் கட்டினேன். இறங்கிப் பார்த்தால், டயர் வெடிக்கவில்லை, காற்றும் இறங்கவில்லை. மேலே இருக்கிற பட்டன் பட்டை மட்டும் ஒரு முழ நீளத்துக்குத் தோல் உரிந்த மாதிரி கழன்று தொங்குகிறது. பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்கும்.

ஸ்டெப்னியை மாட்டி, மெதுவாக உருட்டிக்கொண்டே தொழுதூர் போய்ச் சேர்ந்தோம். பஞ்சர் கடை மேஸ்திரி டயரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கட்டை விரலை நனைத்து டயரின் பக்கவாட்டில் ஓர் இடத்தைத் துடைத்தார். "சார், படிங்க" என்றார். நாலு எண். 1803. எனக்குப் புரியவில்லை. "2003-ம் வருஷம் 18-வது வாரம் செஞ்ச டயர் சார். பட்டனைப் பார்த்து வாங்கியிருக்கீங்க, பிறந்த தேதியைப் பார்க்கலையே. பாப்பா என்ன படிக்குது?" என்று கேட்டார். "எட்டாவது" என்றேன். "பாப்பா வயசும் இந்த டயர் வயசும் ஒண்ணு சார்" என்றார்.

நேயர்களே, நான் சொல்ல வந்ததில் பாதி அந்த மேஸ்திரி சொன்னதுதான். தினமும் ஓடுகிற வண்டியில் டயர் தேய்ந்து சாகும். பழைய வண்டியில் டயர் வயசாகிச் சாகும். நம்ம வண்டி வருஷத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம். பட்டன் எப்படித் தேயும்? பீரோவில் பழைய கடிதங்களைக் கட்டி வைத்த ரப்பர் பேண்டை எடுத்துப் பாருங்கள். யாருமே தொடவில்லை, இழுத்ததும் பொடிந்துவிடும். காற்றில் இருக்கிற ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரைத் தின்கின்றன. டயர் ரப்பரில் இதைத் தடுக்க ஒரு மெழுகு கலந்திருப்பார்கள். டயர் உருண்டு நசுங்கி நிமிரும்போதுதான் அந்த மெழுகு மேற்பரப்புக்கு நன்றாக வரும். நிறுத்தியே வைத்திருந்தால் வராது. ஆகவே, ஓடாத வண்டியின் டயர் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

அந்த நாலு எண்ணை மறுபடியும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2000-க்குப் பிறகு வந்த முறை இது. மூன்று எண்தான் இருக்கிறது என்றால் அது அதற்கும் முந்தின டயர், வேண்டவே வேண்டாம். சில டயரில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், அந்தப் பக்கம் வண்டிக்கு உள்ளே திரும்பியிருக்கும். குனிந்து, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஐந்து வருஷம் ஆன டயரை வருஷா வருஷம் காட்டிச் சோதிக்க வேண்டும். பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து வருஷத்தில் கழற்றிவிட வேண்டும் என்பது டயர் கம்பெனிகளே சொல்கிற கணக்கு.

அடுத்து, நைலானா, ரேடியலா? பழைய நைலான் டயருக்குள் நூல்கள் நாடாக்கட்டில் பின்னல் மாதிரி குறுக்கும் மறுக்கும் சாய்வாக ஓடும். ரேடியலில் நூல்கள் நேராகக் குறுக்கே ஓடும், அதன் மேல் பெல்ட் மாதிரி எஃகுக் கம்பிப் பட்டை. மிஷெலின் கம்பெனி 1946-ல் காப்புரிமை வாங்கிய முறை இது. ரேடியல் ரோட்டைப் பிடிக்கும், நீடித்து உழைக்கும், ஆனால் பவர் ஸ்டீயரிங் இல்லாத நம்ம வண்டியை நிறுத்தித் திருப்பும்போது கை கொஞ்சம் வலிக்கும். எனக்கு ரேடியல்தான் சரி. நைலான் போடுகிறவர்களை நான் தடுக்க மாட்டேன். ஆனால் இரண்டையும் கலக்காதீர்கள். "முன்னாடி ரெண்டு மட்டும் ரேடியல் போடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். கூடவே கூடாது. முன்சக்கரம் ரோட்டைப் பிடித்துக்கொள்ளும், வளைவில் பின்பக்கம் விலகி வண்டி சுற்றிவிடும். நாலும் ஒரே ஜாதியாக இருக்கட்டும்.

அளவுக்கு வருவோம். 5.20 என்பது அங்குலக் கணக்கில் டயரின் அகலம், அதாவது 132 மில்லிமீட்டர். பின்னால் வரும் 14 ரிம்மின் அங்குலம். ரேடியலில் 155/80 R14 என்று போட்டிருக்கும்: 155 மில்லிமீட்டர் அகலம், பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம். இதைப் போட்டால் சக்கரத்தின் உயரம் கிட்டத்தட்ட மாறாது, 60 சென்டிமீட்டர். அழகாக இருக்கும் என்று 155/65 போட்டால் நாலு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்துவிடும். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 55-ல்தான் போகும், கியரும் மாறின மாதிரி என்ஜின் கத்தும். மட்கார்டுக்குள் சக்கரமும் சின்னதாகத் தெரியும்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தான் மிச்சம். டியூபைப் பற்றியும் காற்றைப் பற்றியும் நிறையச் சொல்ல இருந்தேன், சுருக்கிவிடுகிறேன். நம்ம பழைய ரிம்முக்கு டியூப் போட்டே ஆக வேண்டும். டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போடுவதாக இருந்தால், உள்ளே ஒட்டியிருக்கிற காகித ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அது டியூபை அரித்துவிடும். ரேடியலுக்கு ரேடியல் டியூப் என்று கேட்டு வாங்குங்கள். காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். கையேட்டில் இருக்கிற அளவு நைலானுக்கானது, ரேடியலுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

ஸ்டெப்னி மிச்சம். வேல்ஸ் நாட்டில் லானெத்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில், 1904-ல் இதைச் செய்ய ஆரம்பித்தார்கள், அந்தத் தெருவின் பெயர்தான் நம்ம வாயில் நிற்கிறது. டிக்கியில் கிடக்கிற அதற்கும் ஒரு தேதி உண்டு. நாலு டயர் வாங்கும்போது ஐந்தாவதையும் சேர்த்தே வாங்குங்கள். வணக்கம்.