ஊனோவில பின் காணாதா? ஏ0 முதல் ஏ5 வரை சும்மா கிடக்கு

வணக்கம் எல்லாருக்கும். மேசையில இருக்கிறது ஆர்டுயினோ ஊனோ, புரோகிராம் எழுதி ஓட்டுற சின்ன கொன்ட்ரோல் போட். கிணத்தில இருந்து மேல் தாங்கிக்குத் தண்ணி ஏத்துற மோட்டரைத் தானாப் போட்டு நிப்பாட்டுற கொன்ட்ரோலர் ஒண்டு செய்யப் போறம். முதல்ல பின் (வயர் பூட்டுற முனை) கணக்கைப் பாப்பம்.

16க்கு 2 எல்சிடி திரைக்கு 6 பின். 4க்கு 4 கீபாட்டுக்கு 8. மிதவை சுவிட்ச் ரெண்டு, தாங்கியில ஒண்டு, கிணத்தில ஒண்டு. கோடையில கிணத்துத் தண்ணி இறங்கினா மோட்டர் வெறுமையா ஓடக்கூடாது, அதுக்குத்தான் ரெண்டாவது. றிலே (மின்னால இயங்கிற சுவிட்ச்) 1, பஸர் 1. மொத்தம் 18. டிஜிட்டல் பக்கத்தில 0, 1 ரெண்டும் சீரியலுக்கு (கணினியோட பேச), அதில கை வைக்காதேங்கோ. மிச்சம் 12 தான். 6 குறையுது. அதுக்காக பின் கூடின பெரிய மெகா போட் வாங்கத் தேவையில்லை. அனலொக் பக்கத்தில இருக்கிற ஏ0 முதல் ஏ5 வரை ஆறும் முழுமையான டிஜிட்டல் பின்தான், 14 முதல் 19 எண்டும் அதுகளுக்கு நம்பர் இருக்கு.

புரோகிராம் கோட்டில பின்மோட், டிஜிட்டல்ரீட், டிஜிட்டல்ரைட் கட்டளை எல்லாம் வழமை போலத்தான். ஆனா ஏ0 எண்டே எழுதுங்கோ. அனலொக்ரீடுக்கு வெறும் 0 குடுத்தாலும் ஏ0 எண்டு எடுக்கும். அந்தப் பழக்கத்தில டிஜிட்டல்ரீடுக்கும் 0 குடுத்தா, அது 0ஆம் பின்னை, அதாவது சீரியல் ஆர்எக்ஸ் பின்னைப் படிக்கும். கோட் பிழையில்லாமல் ஏறும், சுவிட்ச் மட்டும் வேலை செய்யாது. 14 எண்டு எழுதினாலும் சிக்கல் இருக்கு: மெகாவில ஏ0 எண்டா 54.

இப்ப வயரிங். மிதவைகள் ஏ0, ஏ1. றிலே ஏ2, பஸர் ஏ3, கீபாட்டின்ர ரெண்டு வயர் ஏ4, ஏ5. எல்சிடிக்குப் பின்னால ஐ2சி மொடியூல் (ரெண்டே ரெண்டு சிக்னல் வயரில பேசிறது) பூட்டினா ஏ4, ஏ5 அதுக்குப் போயிடும். போட்டில ஏரெஃப் எண்டு எழுதின பின்னுக்குப் பக்கத்தில இருக்கிற ஐ2சி பின்கள் எஸ்டிஏ, எஸ்சிஎல் வேற பின் எண்டு நினைக்காதேங்கோ, உள்ளுக்கு அதே வயர்தான்.

மிதவைக்கு இன்புட்_புல்அப் (பின்னை உள்ளுக்கால 5 வோல்ட்டுக்கு இழுத்து வைக்கிற ரெசிஸ்டர்) மட்டும் போட்டா மேசையில அருமையா ஓடும். கிணத்தடி வரை 20 மீட்டர் வயர் இழுத்தா, மோட்டர் போடேக்க நிப்பாட்டேக்க எல்லாம் பொய்ச் சிக்னல் வரும். உள்ளுக்க இருக்கிற புல்அப் 20 முதல் 50 கிலோஓம், நீள வயருக்கு அது காணாது. பின்னுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையில 4.7 கிலோஓம், பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில 100 நானோஃபரட் போடுங்கோ. கோட்டில 3 செக்கன் நிலை மாறாமல் இருந்தாத்தான் நம்போணும், தண்ணி அலையில மிதவை ஆடும்.

றிலேயை நேரா பின்னில குடுக்க ஏலாது. 5 வோல்ட் கொயில் 70 மில்லிஅம்பியர் அளவு இழுக்கும், பின்னுக்கு 20 தான் நல்லது, 40 உச்ச எல்லை. டிரான்சிஸ்டர் உள்ள மொடியூல் எடுங்கோ. அதில கனக்க லோவில வேலை செய்யிறது, பின் லோ ஆனா றிலே இழுக்கும். அதால செட்டப்பில டிஜிட்டல்ரைட் ஹையை முதல்ல எழுதி, பிறகு அவுட்புட் ஆக்குங்கோ. மாறி எழுதினா கரண்ட் வந்து போற ஒவ்வொரு தரமும் றிலே ஒருக்கா அடிக்கும். அந்தச் சின்ன றிலேயால மோட்டரை நேரா ஓட்டாதேங்கோ, தொடக்க இழுவையில முனை ஒட்டிப்போகும். அது கொன்டாக்டரை (மோட்டரைத் தாங்கிற பெரிய றிலே) மட்டும் இழுக்கட்டும். 230 வோல்ட் பக்கத்தை எலக்ட்ரீசியன் செய்யட்டும், தயவு செய்து.

பேரில அனலொக் எண்டு இருந்தாலும் இந்தப் பின்களில பிடபிள்யூஎம் (வேகமாப் போட்டு நிப்பாட்டி அளவைக் கூட்டிக் குறைக்கிறது) இல்லை. அனலொக்ரைட்டில 127 வரை குடுத்தா பின் அணைஞ்சே இருக்கும், 128இல இருந்து முழுசாப் பத்தும்.

சின்ன போட் நானோ பாவிக்கிறாக்களுக்கு: ஏ6, ஏ7 டிஜிட்டல் ஆகாது, புல்அப்பும் இல்லை. சுவிட்ச் போடோணும் எண்டா வெளியால 10 கிலோஓம் புல்அப் குடுத்து, அனலொக்ரீட் 512க்கு மேலயா கீழயா எண்டு பாருங்கோ. போட் இல்லாமல் ஊனோவின்ர வெறும் 28 கால் சிப்பை பிரெட்போட்டில குத்திறாக்கள் 20ஆம் கால் ஏவிசிசிக்கும் 5 வோல்ட் குடுங்கோ. ஏ0 முதல் ஏ3 வரைக்கும் சப்ளை அதாலதான் போகுது.