சங்கொலியில் கரைந்த யானை

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையோருக்கும் வணக்கம்.

‘போர்க்கால உடனடிச் செய்திகளில் நம்மைப் பெரிதும் ஏமாற்றுவது பொய்ச் செய்தியா, செய்தியைச் சொல்லும் விதமா?’ என்ற தலைப்பில், சொல்லும் விதமே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், 2025 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்ட நாட்களில் உலவிய போலிகளை வரிசையாக அடுக்கினார். கணினி விளையாட்டில் சுடப்படும் விமானம் மெய்யான விமானமாகக் காட்டப்பட்டது என்றார். அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் விழுந்து எரிந்த சிறு விமானத்தின் காட்சி, கராச்சி எரிவதாகப் பரவியது என்றார். பாகிஸ்தானின் துணைப் பிரதமரே லண்டன் நாளிதழ் ஒன்றின் போலி முதல் பக்கத்தை நம்பி, தம் விமானப்படையை அந்த ஏடு புகழ்ந்திருப்பதாக நாடாளுமன்ற மேலவையில் பேசியதையும் சொன்னார். அத்தனையும் நடந்தவை, ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் இவற்றை இங்கே அடுக்க முடிந்ததே, எல்லாம் பிடிபட்டுவிட்டதால்தான். அந்தப் பக்கம் போலி என்று எழுதியது பாகிஸ்தானின் ‘டான்’ நாளிதழ். பொய்யை மெய்க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சாயம் வெளுத்துவிடும். மெய்யையே வளைத்துத் தந்தால் எதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது?

குருச்சேத்திரத்தில் துரோணர் எப்படி வீழ்ந்தார்? துரோணரின் மகன் பெயரையே கொண்ட அசுவத்தாமன் என்ற யானையைப் பீமன் கொன்றது உண்மை. அதைத் தருமர் சொன்னதும் உண்மை. ‘யானை’ என்ற சொல் வாயிலிருந்து வரும் நேரம் பார்த்துச் சங்கு ஊதப்பட்டது, அவ்வளவுதான். துரோணர் ஓர் உண்மை சரிபார்ப்புக் குழுவையே பாசறையில் வைத்திருந்தாலும், தருமரின் வாக்கியத்தில் அவர்கள் பிழை கண்டிருக்க முடியாது.

அந்தச் சங்கு இன்று சைரனாகியிருக்கிறது. 2025 மே 8 இரவு, மதுரையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. விமானத் தாக்குதல் எச்சரிக்கை ஒலி ஏறி இறங்கி ஏறியது. எழுபது வயதைக் கடந்த என் அத்தை அடுப்பை அணைத்தார், வாசல் கதவைத் தாழிட்டார், பிறகு கூடத்துக்கு வந்து, “நம்ம ஊருக்கும் வந்துட்டானாடா?” என்று என்னைக் கேட்டார். எல்லையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறோம். திரையில் அப்போது இருந்தவர்கள் கோட்டு அணிந்த ஒரு நெறியாளரும், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரும் மட்டுமே. அந்த ஒலி எந்தச் செய்தியையும் சொல்லவில்லை. ஆகவே அதில் பொய்யும் இல்லை. ஆனால் அத்தையை அடுப்பை அணைக்க வைத்தது அதுதான். மே 10 அன்று, உள்துறை அமைச்சகத்தின் கீழுள்ள குடிமைப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம், மக்களுக்குப் பயிற்சியும் விழிப்புணர்வும் அளிக்கும் நிகழ்ச்சிகளைத் தவிர வேறெதிலும் சைரன் ஒலியைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஊடகங்களை அறிவுறுத்த நேர்ந்தது. கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டால், மெய்யாகவே சைரன் ஒலிக்கும் நாளில் மக்கள் எழுந்திருக்க மாட்டார்கள் என்பது அதன் கவலை. பொய்ச் செய்தியைப் பற்றிய அறிவுரை அல்ல அது என்பதை எதிரணி கவனிக்க வேண்டும்.

சைரனை விட ஓசையின்றி வேலை செய்யும் கருவி ஒன்று நம் மொழியிலேயே இருக்கிறது. அதன் பெயர் ‘கூறப்படுகிறது’. ‘ராணுவத் தளம் தகர்க்கப்பட்டதாகக் கூறப்படுகிறது’ என்ற வரியில் தகர்த்தவரும் இல்லை, கூறியவரும் இல்லை. இரண்டு வினைகள், இரண்டுக்கும் செய்தவர் கிடையாது. பள்ளியில் இப்படி எழுதியிருந்தால் தமிழாசிரியர் ‘யார்?’ என்று சிவப்பு மையில் கேட்டிருப்பார். செய்தியில் வந்தால் நாம் கேட்பதில்லை. இறப்பைச் சொல்லும் சொற்களைப் பாருங்கள். நம் பக்கத்துச் சிப்பாய் ‘வீரமரணம்’ அடைகிறார். எதிர்ப்பக்கத்துச் சிப்பாய் ‘சுட்டு வீழ்த்தப்படுகிறார்’. இடையில் அகப்பட்ட ஊர்க்காரர் ‘உயிரிழக்கிறார்’, ஏதோ பேருந்தில் குடையைத் தவறவிட்டவரைப் போல. ‘கொன்றார்கள்’ என்று எழுதினால் கொன்றவர் யார் என்று கேட்கத் தோன்றும். ‘உயிரிழந்தார்கள்’ என்று எழுதினால் அந்தக் கேள்வியே எழாது. மூன்றும் பிழையற்ற தமிழ், மூன்றும் உண்மை.

‘கூறப்படுகிறது’ எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு நாளைச் சொல்கிறேன். 2022 நவம்பர் 15 அன்று, உக்ரைன் எல்லையை ஒட்டிய போலந்துச் சிற்றூர் ஒன்றில் ஏவுகணை விழுந்து இருவர் இறந்தனர். ரஷ்ய ஏவுகணைகள் போலந்துக்குள் புகுந்துவிட்டன என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் உடனடிச் செய்தி வெளியிட்டது. ஓர் உறுப்பு நாட்டைத் தாக்கினால் எல்லா நாடுகளையும் தாக்கியதாகக் கொள்ளும் நேட்டோ ராணுவக் கூட்டணியில் போலந்தும் உறுப்பு நாடு. ஆகவே அந்த ஒரு வரி, மூன்றாம் உலகப் போர் வருமா என்ற விவாதத்தைத் தொடங்கிவைத்தது. ஆதாரம், பெயர் சொல்லப்படாத ஒரே ஒரு மூத்த அமெரிக்க உளவு அதிகாரி. அது உக்ரைனின் வான்பாதுகாப்பு ஏவுகணையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று மறுநாள் போலந்தும் நேட்டோவும் சொல்ல, நிறுவனம் செய்தியைத் திரும்பப் பெற்றது. ‘ஓர் அதிகாரி’ என்பது செய்தியில் தெளிவாகவே இருந்தது. வாசகர் காதுக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த ஓர் அதிகாரி ‘அமெரிக்கா’ ஆகிவிட்டார். அங்கேயும் யானையைச் சங்கு விழுங்கிவிட்டது.

2023 அக்டோபர் 17 அன்று காசாவின் அல்-அஹ்லி மருத்துவமனையில் நடந்த வெடிப்பின்போதும் இதுவே. நியூயார்க் டைம்ஸ் இணையப் பக்கத்தின் முதல் தலைப்பு, இஸ்ரேலின் தாக்குதலில் நூற்றுக்கணக்கானோர் இறந்ததாகச் சொன்னது. சற்று நேரத்தில் ‘இஸ்ரேலின்’ என்ற சொல் போயிற்று. பிறகு ‘தாக்குதல்’ என்பது ‘வெடிப்பு’ ஆயிற்று. மூன்று தலைப்புகளின் இறுதியிலும் ‘பாலஸ்தீனர் கூறுகின்றனர்’ என்ற சொற்கள் மாறாமல் இருந்தன. ஆகவே மூன்றில் எதையும் பொய் என்று நிரூபிக்க முடியாது. ஆனாலும் தொடக்கச் செய்திகள் ஹமாஸின் கூற்றை அளவுக்கு மீறிச் சார்ந்திருந்தன என்று அக்டோபர் 23 அன்று அதன் ஆசிரியர் குழு ஒப்புக்கொண்டது. காரணம் யார் என்ற சர்ச்சை இன்னும் தீர்ந்தபாடில்லை. முதல் தலைப்பைப் படித்தவர்களும் மூன்றாம் தலைப்பைப் படித்தவர்களும் இரண்டு வேறு நிகழ்ச்சிகளை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதே என் வாதத்துக்குப் போதும்.

‘கண்ணால் கண்ட காட்சியை என்ன செய்வீர்கள்?’ என்று எதிரணியில் ஒரு தங்கை கேட்டார். 2003 ஏப்ரல் 9 அன்று பாக்தாத்தின் ஃபிர்தோஸ் சதுக்கத்தில் சதாம் உசேனின் சிலை விழுந்ததை உலகமே நேரலையில் கண்டது. சிலை மெய், விழுந்தது மெய், கூடியிருந்த ஈராக்கியரின் மகிழ்ச்சியும் மெய். அந்தச் சதுக்கம் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் தங்கியிருந்த பாலஸ்தீன் விடுதிக்கு எதிரே இருந்தது. சிலையை இழுத்துச் சாய்த்தது அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் கவச மீட்பு வாகனம். நெருக்கமாக எடுத்த சட்டகத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. உயரத்திலிருந்து அகலமாக எடுத்த படத்தில், சதுக்கத்தின் பெரும்பகுதி வெறிச்சோடிக் கிடந்தது. எந்தப் படத்திலும் ஒட்டுவேலை இல்லை, தங்கையே. படம் எடுத்தவர் எங்கே நின்றார் என்பது மட்டும்தான் வேறு.

மீதி இருப்பது எதிரணியின் பெரிய ஆயுதம். 2025 மே 8 இரவு, நம் கடற்படை கராச்சித் துறைமுகத்தைத் தாக்கிவிட்டது என்று பல தொலைக்காட்சிகள் சொன்னது அப்பட்டமான பொய்தானே என்கிறார்கள். பொய்தான். கராச்சி உள்ளிட்ட இலக்குகளைத் தாக்க ஆயத்த நிலையில் இருந்தோம் என்றுதான் மே 11 அன்று கடற்படை அதிகாரி விளக்கினார். ஆனால் வெறும் பொய்யாக அது வந்திருந்தால், எதிரணித் தலைவரே, நீங்களும் நானும் நள்ளிரவு வரை விழித்திருந்திருப்போமா? அந்தப் பதிவு கிடைத்தால், ஒலியை அணைத்து, திரையின் கீழ்ப்பாதியைத் துண்டால் மறைத்து ஒருமுறை பாருங்கள். சைரன் போய்விடும், சிவப்பு எழுத்துகள் போய்விடும், ‘வட்டாரங்கள்’ போய்விடும். எங்கோ இருட்டில் ஒரு வெளிச்சமும், வாயை அசைக்கும் இரண்டு மனிதர்களும் மிஞ்சுவார்கள்.

மணி ஒலித்துவிட்டது, நடுவர் அவர்களே. சைரன் இல்லை என்பதால் ஓடாமல் அமர்கிறேன்.