பேய்ப்படம் பாத்துட்டு "பயமே இல்ல"ன்னு சொல்றதுக்கு முன்னாடி – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்னைக்கு எடுத்துருக்கிற கேள்வி இலங்கை மலையகத்துல, தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒண்ணுல இருந்து ஒரு தம்பி அனுப்புனது. சுருக்கி வாசிக்கிறேன். "எங்க வாசிகசாலையில சனிக்கிழம ராத்திரி ஒரு பேய்ப்படம் போடுவோம். வர முடியாதவங்க அதே படத்த வீட்டுல, போன்ல பாப்பாங்க. ஞாயித்துக்கிழம வாட்சப் குரூப்புல கருத்து. ஒருத்தரு உசுரே போயிருச்சுங்கிறாரு, இன்னொருத்தரு மொக்க, பாதியில தூங்கிட்டேங்கிறாரு. சண்ட வந்துருது. யாரு சொல்றது சரி?"

தம்பி, ரெண்டு பேரு சொல்றதும் சரியா இருக்கலாம். ஏன்னா ரெண்டு பேரும் ஒரே படத்தப் பாக்கல. பேரு ஒண்ணு, கத ஒண்ணு, ஆனா காதுக்குள்ள போனதும் கண்ணுக்குத் தெரிஞ்சதும் வேற வேற. குடும்பப் படத்துல இது பெருசா தெரியாது. போன்ல பாத்தாலும் அழுகை அழுகை தான். பேய்ப்படம் அப்பிடி இல்ல, அதுல பாதி வேலைய சத்தமும் இருட்டும் தான் செய்யுது. அது ரெண்டும் கெட்டுப் போச்சுன்னா மிச்சம் இருக்கிறது ஒரு பொண்ணு கதவத் தொறக்கிறதும் மூடுறதும் தான்.

மொதல்ல சத்தம். பேய்ப்படத்துல ஒண்ணுமே நடக்காத நேரத்துலயும் வயித்தக் கலக்குற மாதிரி ஒரு உறுமல் அடியில ஓடிக்கிட்டு இருக்கும். அது பெரும்பாலும் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழ (ஹேர்ட்ஸ்ங்கிறது ஒரு செக்கன்ல சத்தம் எத்தன தடவ அதிருதுங்கிற கணக்கு, கொறையக் கொறைய சத்தம் கனமா இருக்கும்). போன்ல இருக்கிற சின்ன ஸ்பீக்கருக்கு 200, 300 ஹேர்ட்ஸுக்குக் கீழ சத்தமே வராதுன்னு வச்சுக்குங்க. அதனால வெறும் போன்ல பாத்தவருக்கு அந்த உறுமல் இருந்ததே தெரியாது. "சும்மா நடந்துக்கிட்டே இருக்கான், ஒண்ணுமே இல்ல"ம்பாரு. அவரு பொய் சொல்லல. சாதாரண வயர் ஹெட்செட் ஒண்ணு மாட்டுனா போதும், பாதிப் படம் திரும்பி வந்துரும்.

ஏன் வயர்னு சொல்றேன்னா, திடுக்குனு பயங்காட்டுற இடத்துல படமும் சத்தமும் ஒரே நேரத்துல அடிக்கணும். திடீர்னு பெரிய சத்தம் கேட்டா மனுசன் கண்ணு மூட ஆரம்பிக்கிறதுக்கு ஒரு செக்கன்ல இருவதுல ஒரு பங்கு கூட ஆகாது. புளூடூத் ஸ்பீக்கர்ல சத்தம் 0.1, 0.2 செக்கன் பிந்தி வரலாம். போன்ல அனேகமான ஆப் அத சரிக்கட்டிரும். டீவியோட புளூடூத் ஸ்பீக்கர சேத்தா தான் அடிக்கடி மாட்டுறது. மூஞ்சி வந்து போனதுக்கு அப்புறம் "டம்"னு கேட்டா யாருக்கு என்ன பயம் வரும்? சிரிப்பு தான் வரும். கம்பியூட்டர்ல வீஎல்சி பிளேயர்ல போட்டு ஓட்டுறீங்கன்னா, சத்தம் பிந்தி வந்தா ஜே எழுத்த அமத்துங்க, முந்தி வந்தா கே. ஒரு தடவ அமத்துனா 50 மில்லிசெக்கன் நகரும். யாராவது பேசுற கிட்டத்துக் காட்சிய ஓட விட்டு, உதட்டப் பாத்து சரி பண்ணிட்டு படத்த ஆரம்பிங்க.

இன்னொரு முறைப்பாடு எல்லாருக்கும் இருக்கு: "பேசுறது கேக்கல, பேய் வந்தா காது கிழியுது." இதுக்குக் காரணம் 5.1 ட்ராக், அதாவது ஆறு ஸ்பீக்கருக்குன்னு பிரிச்சு வச்ச சத்தம். அதுல பேச்சு, நடு ஸ்பீக்கருக்குன்னு தனியா வச்சுருக்கும். உங்க டீவிக்கு நடு ஸ்பீக்கர் கிடையாது. ரெண்டு பக்கத்துக்கும் பங்கு போட்டுக் கலக்குறப்போ பேச்சு அமுங்கிரும். ஆடியோ மெனுவுல ஸ்டீரியோ ட்ராக் இருந்தா அத எடுங்க. நைட் மோட், ஆட்டோ வால்யூம் மாதிரி ஒண்ணு டீவியில இருக்கும். அது சின்ன சத்தத்தத் தூக்கி பெரிய சத்தத்த அமுக்கும். லயத்துல பக்கத்துக் காம்பிராவுக்கு ஒரு செவரு தான், காலையில மலைக்குப் போறவங்க தூங்கணும், அதனால போட்டுக்கிறதுல தப்பில்ல. ஆனா அதப் போட்டுட்டு "திடுக்குன்னே இல்ல"ன்னு கருத்து எழுதாதீங்க. திடுக்குறத நீங்களே அமத்தி வச்சுட்டீங்க.

நம்ம பக்கத்துக்குன்னே ஒரு பிரச்சின, தகரக் கூரையில மழ. மழ அடிச்சா படத்தோட அமைதியான பகுதி முழுசும் போயிரும். கிசுகிசுக்கிறது கேக்கலைன்னு ரிமோட்ட எடுத்து ஏத்துவீங்க, அடுத்த நிமிசம் பேய் கத்தும், தொட்டில்ல கெடக்கிற புள்ள எந்திரிச்சுரும். கிசுகிசுக்கு ஏத்த மாதிரி வால்யூம் வைக்காதீங்க. சாதாரணமா ரெண்டு பேரு பேசிக்கிற காட்சிக்கு வச்சுட்டு கைய எடுத்துருங்க. ஆனி, ஆடி மழையில பேய்ப்படம்னா ஹெட்செட் தான், வேற வழியில்ல.

அடுத்தது இருட்டு. 2 மணி 20 நிமிசப் படத்த 700 எம்பிக்குள்ள சுருக்குன கொப்பின்னா கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு செக்கனுக்கு 0.7 மெகாபிட் டேட்டா கூட வராது. புளூரே டிஸ்க்ல அது 20, 30 மெகாபிட். சுருக்குற மென்பொருள் மொதல்ல கை வைக்கிறது இருட்டுல தான், அங்க யாரும் பாக்க மாட்டாங்கங்கிற நெனப்பு. பேய்ப்படத்துல அங்க தானய்யா எல்லாரும் பாக்குறாங்க! செவரு ஓரத்துல மெல்ல அசையுற நெழல் சதுரம் சதுரமா ஒடஞ்சு, பேய் எங்க, கட்டம் எங்கன்னு தெரியாது. டேட்டா மிச்சம் பிடிக்க 360ங்கிற கொறஞ்ச தரத்துல பாத்தாலும் இதே கத தான். முழு எச்டி 1080க்கு 5 மெகாபிட் வேகம் வேணும், 720க்கு 3 போதும். சிக்னல் நிக்காத தோட்டமா இருந்தா ஆப்புக்குள்ளேயே டவுன்லோட் பண்ணி வச்சுட்டு பாருங்க, நேரடியா ஓட விட்டா தரம் ஏறி எறங்கும்.

டீவியில இருட்டு சரியா இருக்கான்னு பாக்க ஒரு வழி. ராத்திரிக் காட்சி ஒண்ணுல நிறுத்துங்க. அந்தப் பொண்ணோட தலமுடியும் பின்னாடி இருக்கிற இருட்டும் ஒரே கறுப்பா அப்பிக் கெடந்தா, பிரைட்னஸ்ஸ ஒவ்வொண்ணா ஏத்துங்க. முடி தனியா பிரிஞ்ச ஒடனே நிறுத்திரணும். படத்துக்கு மேலயும் கீழயும் கறுப்புப் பட்டி இருக்குமே, அது சாம்பலாத் தெரிய ஆரம்பிச்சா நீங்க கூட்டிட்டீங்க, ரெண்டு எறக்குங்க. இதுக்கு ஒரு நல்ல படம் சொல்றதுன்னா 2024ல வந்த மலையாளப் படம் 'பிரமயுகம்'. முழுசும் கறுப்பு வெள்ள. டீவியில கறுப்பு சரியில்லைன்னா பத்து நிமிசத்துல காட்டிக் குடுத்துரும்.

அப்புறம் 'வைவிட்' வேணாம், 'சினிமா' இல்லாட்டி 'மூவி'ன்னு இருக்கிறத போடுங்க. அசைவ வழுவழுன்னு காட்டுறதுக்கு டீவிக்காரங்க ஒண்ணு வச்சுருக்காங்க: எல்ஜியில ட்ரூமோஷன், சோனியில மோஷன்ஃப்ளோ. படம் செக்கனுக்கு 24 பிரேம்ல எடுத்தது. டீவி நடுவுல இல்லாத பிரேம தானே செஞ்சு செருகுது. அதனால தான் கோடிக்கணக்குல எடுத்த படம் மத்தியான சீரியல் மாதிரி தெரியுது. அத நிப்பாட்டுங்க. டியூப் லைட்ட அணைச்சுட்டு டீவிக்குப் பின்னாடி சின்ன பல்ப் ஒண்ண எரிய விடுங்க, கண்ணும் வலிக்காது, டீவிக் கண்ணாடியில உங்க மூஞ்சியும் தெரியாது.

வாசிகசாலையில புரொஜெக்டர்னா, 100 இஞ்சி படம் ஏறக்குறைய ஏழேகால் அடி அகலம், நாலு அடி ஒசரம். பெட்ஷீட்ட ஒத்தையா கட்டுனா வெளிச்சம் அந்தப் பக்கம் போயிரும், படம் செத்துப் போகும். ரெட்டையா மடிச்சு கீழ ஒரு மூங்கில் கட்டி இழுத்து விடுங்க. செவரா இருந்தா பளபளக்காத வெள்ளப் பெயின்ட், எனாமல் அடிச்ச செவரு ஆகவே ஆகாது. குளிர்ல வெளிய இருந்து கொண்டு வந்த மெசின ஒடனே போடாதீங்க, லென்ஸ்ல பனி படிஞ்சு கெடக்கும். அரை மணி நேரம் உள்ள இருக்கட்டும்.

சப்டைட்டில்லயும் ஒரு பொறி இருக்கு. காது கேக்காதவங்களுக்குன்னு போட்ட சப்டைட்டில எடுத்தா 'கதவு கிறீச்சிடுகிறது'ன்னு கதவு கிறீச்சிடுறதுக்கு முன்னாடியே எழுதி வந்துரும். பேச்சுக்கு மட்டும் போட்டது தனியா இருக்கும், அத எடுங்க.

சரி, இதெல்லாம் ஒழுங்கா இருந்தும் படம் பயமுறுத்தலைன்னா? இப்ப தான் படத்தக் கொற சொல்ற நேரம். ஆனா எந்த ஜாதிப் படம்னு பாத்து சொல்லணும். திடுக்குனு பயங்காட்டுற படம் ஒரு வக. மெல்ல மெல்ல ஏறுற படம் ஒரு வக. பேய்க் காமெடி ஒரு வக, அது பயமுறுத்தவே வரல, அதுகிட்ட போயி பயம் இல்லைன்னா என்ன அர்த்தம்?

ஒரே காட்சிய வச்சு சொல்றேன். ராத்திரி ஒரு பொண்ணு பீலிக்குத் தண்ணி எடுக்கப் போறா. கொடத்த வைக்கிறா, தண்ணி விழுது, பின்னாடி கை ஒண்ணு தோள்ல விழுது, டம். பாத்தா தங்கச்சி. இது திடுக்கு. ரெண்டு செக்கன்ல முடிஞ்சுரும், ரெண்டாவது தடவ வேல செய்யாது. இப்ப அதே காட்சி. கொடத்த வைக்கிறா, தண்ணி விழுற சத்தம் கொடம் நெறைய நெறைய மாறிக்கிட்டே வருது. நெறையப் போற நேரத்துல சத்தம் திரும்பவும் வெத்துக் கொடத்து சத்தமா மாறுது. அவ கவனிக்கல, நம்ம கவனிச்சுட்டோம். கேமரா திரும்பல. இது ஏறுற பயம். இது போன் ஸ்பீக்கர்ல, மழையில, ரொட்டி சுட்டுக்கிட்டே பாத்தவருக்குப் போயி சேராது. அவரு "ஒண்ணுமே நடக்கல"ன்னு தான் எழுதுவாரு.

ரெண்டாம் பாதி இழுவைன்னு அடிக்கடி எழுதுறீங்களே, அதுக்கும் ஒரு காரணம் இருக்கு. நம்ம தமிழ்ப் பேய்ப்படத்துல எடவேளைக்கு அப்புறம் பேயோட பழைய கத வரும், 20, 30 நிமிசம். அந்தக் கத வந்த ஒடனே பேய் மேல எரக்கம் வந்துரும். எரக்கம் வந்த எடத்துல பயம் தங்காது. அதுக்கப்புறம் பேய் யாரக் கொன்னாலும் நம்ம பேய் பக்கம் தான் நிப்போம். அப்ப அது பழி வாங்குற படம், பேய்ப்படம் இல்ல. 'இழுவை'ன்னு மட்டும் எழுதாம, 'பிளாஷ்பேக்குக்கு அப்புறம் பயம் போயிருச்சு, பழி வாங்குறது நல்லா இருக்கு'ன்னு எழுதுங்க. படிக்கிறவருக்கு பாக்கலாமா வேணாமான்னு தெரியும்.

கொற சொல்ல வலுவான எடம் ஒண்ணு இருக்கு, பேயோட விதி. அது எங்க வரும், எது தடுக்கும், அதுக்கு என்ன வேணும். 2018ல வந்த இந்திப் படம் 'தும்பாட்'ல தடுக்கிறது என்ன, அதுக்கு வேண்டியது என்னன்னு சொல்லிட்டு, கடைசி வரைக்கும் அந்த விதிக்குள்ளேயே கத நடக்கும். மட்டமான படத்துல பங்களாவ விட்டு வெளிய வராத பேய் எடவேளைக்கு அப்புறம் பஸ்ல ஏறி உக்காந்துருக்கும். விதி ஒடஞ்சா பயம் ஒடஞ்சுரும், எதுவும் நடக்கலாம்னா எதுக்குக் காத்துருக்கிறது?

மலைப் பக்கம் எடுத்த படம்னா நம்ம ஆளுங்க கண்ணு வேற பக்கம் போகும். தேயிலைக்கு நடுவுல ஒருத்தி இருட்டுல ஓடுவா. இடுப்பு ஒசரத்துக்கு வாது பின்னிக் கெடக்கிற மலையில ஓடுனா ரெண்டாவது அடியில சேல மாட்டி விழுந்துருவா, ரோட்டுலயோ குறுக்குப் பாதையிலயோ தான் ஓடலாம். மெசின் பொகையும் தெரிஞ்சுரும். அது ஒரு பக்கத்துல இருந்து வந்து தரையோட சுருளும். மெய்யான பனிமூட்டத்துல தூரத்து மரம் தான் மொதல்ல மறையும், அப்புறம் கிட்டத்து மரம். இதெல்லாம் எழுதலாம், ஆனா படத்தோட மார்க்க இதுக்காக வெட்ட வேணாம். காவல் தெய்வமான முனிய வெறும் பேயாக் காட்டுற படம் வந்தா மட்டும் தனியா எழுதுங்க. பெக்டரியில ரோதை முனிக்கு பூச போடுற எடத்துல, அது காவல், பேய் இல்ல. அந்தப் படம் நம்ம வீட்டுப் பெரியவங்களுக்குப் பயம் தராது, கோவம் தான் தரும்.

இப்ப குரூப்புல போடுற கருத்துக்கு ஒரு மாதிரி: "போன்ல, வயர் ஹெட்செட்டோட, 720ல, தமிழ் டப்பிங்ல பாத்தேன். மெல்ல ஏறுற வக. மொதல் 40 நிமிசம் நல்லா புடிச்சு வச்சுருந்துச்சு, அப்புறம் பேய முழுசா காட்டிட்டாங்க, தளர்ந்துருச்சு. ரத்தம் கொறவு. சின்னப் புள்ள சாகுற காட்சி இருக்கு." அவ்வளவு தான், அஞ்சு வரி. கத சொல்றதுன்னா மொதல் 20 நிமிசத்தத் தாண்டாதீங்க.

அந்தக் கடைசி வரிய விட்டுராதீங்க. ஒத்தக் காம்பிராவுல நீங்க படம் பாத்தா புள்ளைங்க போர்வைக்குள்ள கண்ண மூடிக்கிட்டு காதால முழுப் படத்தையும் பாக்குதுங்க. ரத்தம், தற்கொல, புள்ளைங்களுக்கு ஆபத்து, இருந்தா எழுதுங்க. லைட் படபடன்னு வெட்டுற காட்சி இருந்தாலும் எழுதணும். செக்கனுக்கு மூணு தடவைக்கு மேல வெட்டுற வெளிச்சம் சில பேருக்கு வலிப்பக் கொண்டு வரும். அது பேய்ப்படத்துல அனேகமா கிளைமாக்ஸ்ல தான் வரும், எத்தனாவது நிமிசம்னும் சேத்துப் போடுங்க.