7ஆம் நம்பரைத் திருப்பிக் கூப்பிடுறதோ?

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் எனக்கு 20 நிமிசம் தந்திருக்கிறார், ஆனா வெளியில மழை இருட்டிக்கொண்டு வருது, கனபேர் சைக்கிளிலயும் மோட்டச்சைக்கிளிலயும் வந்திருக்கிறியள், அதால சுத்தி வளைக்காம நேரா விஷயத்துக்கு வாறன். பேந்து சுத்தி வளைப்பன், அது வாத்திமாரின்ர வருத்தம், பொறுத்துக்கொள்ளுங்கோ.

விஷயம் உங்களுக்குத் தெரியும். எங்கட கூடைப்பந்து ரீமில முந்தி 7ஆம் நம்பர் ஜேர்சி போட்டு ஆடின ஆள் ஊரில வந்து நிக்கிறார். பேர் சொல்லேல்ல, சபையில பேர் எடுத்துக் கதைச்சா அது வேற பக்கம் போகும். 2010க்கு முதல் வெளிநாடு போனவர், இனி இஞ்சதான் எண்டுறார், வாற சீசன் எங்கட ரீமில இறங்க விருப்பமாம். கழகத்து வாட்ஸ்அப் குறூப்பில ரெண்டு கிழமையா இதுதான் சண்டை. ஒரு பகுதி "அண்ணை வந்தா கப் எங்களுக்குத்தான்" எண்டுது, மற்றப் பகுதி "வயசு போட்டுது, விடுங்கோ" எண்டுது. விடிய எழும்பிப் போனைப் பாத்தா 140 மெசேஜ். அதில ஒருத்தர் இடையில மிளகாய்க் கண்டு விக்கிறார், அவரைப் பற்றி நான் இண்டைக்குக் கதைக்கேல்ல.

முதல் என்ர பிழையைச் சொல்லுறன், அதைச் சொல்லாம மற்ற ஆக்களின்ர கதையைச் சொல்லுறது வடிவில்லை. நான் கோச்சா நிண்ட காலத்தில ஒருக்கா பைனலுக்கு வந்திட்டம். அந்தக் கிழமைதான் ஒரு பழைய ஆட்டக்காரர் லீவில ஊருக்கு வந்தவர், அவரின்ர ஆட்டத்தைப் பாத்து வளந்த சனம் இந்த ஊரில பாதி, நானும் அதுக்குள்ளதான். பயிற்சிக்கு ஒரேயொரு நாள் வந்தார், மூண்டு பொயின்ற் கோட்டில (அதுக்கு வெளியில இருந்து போட்டா ரெண்டில்லை, மூண்டு பொயின்ற்) நிண்டு ஆறு அடிச்சார், ஆறும் விழுந்துது, எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு. முதல் ஐஞ்சு பேருக்குள்ள அவரைப் போட்டிட்டன். அவருக்காக வாங்கில இருத்தினது 19 வயசுப் பொடியன் ஒருத்தனை, சங்கானைப் பக்கத்தில இருந்து சீசன் முழுக்கச் சைக்கிள் மிதிச்சு வந்தவன், ஒரு பயிற்சி தவறவிட்டதில்லை, மழைக்கும் வந்தவன். முதல் பாதியில பழைய ஆள் 11 பொயின்ற்ஸ், சனம் எழும்பி நிண்டு கத்துது, நானும் கத்துறன். மூண்டாவது குவாட்டரில திரும்பிப் பாத்தா மனுசன் ரெண்டு கையையும் முழங்காலில ஊண்டிக்கொண்டு குனிஞ்சு நிக்கிறார், மூக்கு நுனியில இருந்து வேர்வை சொட்டுச் சொட்டா சீமெந்தில விழுது, எதிர் ரீம் பந்தைக் கொண்டு ஓடிப் போட்டிட்டு வருது, இவர் இன்னும் பாதிக் கோட்டைத் தாண்டேல்ல. கோட் 28 மீற்றர்தான், எங்கட வெய்யிலில காஞ்ச சீமெந்துத் தரையில இருபது தரம் போய்வந்து பாருங்கோ, அது எவ்வளவு தூரமெண்டு விளங்கும். நாலு பொயின்ற்ஸால தோத்தம்.

தோத்தது பரவாயில்லை. அடுத்த கிழமை அந்தப் பொடியன் பயிற்சிக்கு வரேல்ல, அதுக்கடுத்த கிழமையும் இல்லை. ஆறு மாதம் கழிச்சு ஒரு வொலிபோல் மட்ச் பாக்கப் போனா அங்க நெற்றுக்கு முன்னால நிண்டு அடிக்கிறான், என்னைக் கண்டிட்டு "சேர், சுகமோ" எண்டு கேட்டான். கோவம் கீவம் ஒண்டுமில்லை, மரியாதையாத்தான் கேட்டவன். பேசியிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்.

அதால ஆரும் "பழைய ஆளைக் கூப்பிடுவம்" எண்டு சொல்லேக்க எனக்கு முதல் வாற கேள்வி, அவருக்காக வாங்கில இருக்கப்போறவன் ஆர்? அமெரிக்காவிலயும் இதே கணக்குத்தான். லெப்ரோன் ஜேம்ஸின்ர கதை இஞ்ச இருக்கிற பொடியளுக்கு எங்களை விட வடிவாத் தெரியும், எண்டாலும் சொல்லுறன். கிளீவ்லாண்ட் ரீமுக்கு 2003இல வந்தவர், 2010இல மயாமிக்குப் போறன் எண்டு டீவியில இருந்து சொன்னவர், ஊர்ச் சனம் அவரின்ர ஜேர்சியை நடுரோட்டில போட்டு எரிச்சுது, ரீம் முதலாளி அவரைத் திட்டி ஒரு கடிதம் எழுதினார், அதுவும் கொமிக் சான்ஸ் எழுத்தில, நேர்சரிப் பிள்ளையளின்ர பிறந்தநாள் அழைப்பிதழ் அடிக்கிற எழுத்து. நாலு வருசம் போய் 2014இல அதே முதலாளி, அதே ஆள், திரும்பச் சேந்தாச்சு. பைனலில நாலு மட்ச் வெல்லுற ரீமுக்குத்தான் கப், 2016 பைனலில, அந்தச் சீசன் 73 மட்ச் வெண்ட கோல்டன் ஸ்டேற் ரீமுக்கு எதிரா 3-1 எண்டு பின்னால நிண்டு கப் எடுத்தினம், அதுக்கு முதல் பைனலில அப்பிடி ஒருத்தரும் எழும்பினதில்லை, அந்த நகரத்துக்கு 1964க்குப் பிறகு வந்த முதல் பெரிய கப்.

உடன "பாத்தியளோ சேர், திருப்பிக் கூப்பிட்டதாலதானே" எண்டு சொல்லுவியள். ஓம். ஆனா அந்தக் கடைசி மட்சைத் திருப்பிப் போட்டுப் பாருங்கோ. 89-89 எண்டு நிக்குது, லெப்ரோன் பின்னால இருந்து ஓடிவந்து பலகையோட சேத்து அடிச்ச புளொக் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. அதுக்குப் பிறகு, ஒரு நிமிசமும் இல்லாத நேரத்தில, மூண்டு பொயின்ற் அடிச்சு மட்சை வெண்டு குடுத்தது கைரி ஏர்விங். அவரை ரீம் எடுத்தது 2011இல, அதாவது லெப்ரோன் இல்லாத காலத்தில வந்து வளந்த பொடியன். ஆள் போன நாலு வருசமும் வீட்டைப் பூட்டி வைச்சிருந்தவை இல்லை, உள்ளுக்கு ஒரு பிள்ளை வளந்திருக்கு.

இன்னொரு பிள்ளையும் இருந்தது. 2014இல புது ஆக்களை எடுக்கேக்க முதலாவது ஆளாத் தெரிவு செய்த அன்ட்ரூ விகின்ஸ், ரொறன்ரோப் பக்கத்துப் பொடியன், எங்கட ஆக்கள் நிறைஞ்ச இடம். லெப்ரோன் வாறார் எண்டதும் அவருக்குத் தோதான அனுபவக்காரன் வேணுமெண்டு கெவின் லவ்வை எடுத்தினம், அதுக்கு விலையா விகின்ஸை மினசோட்டாவுக்கு அனுப்பினம். ஜூனில மேடையில ஏத்தித் தொப்பி போட்டவை, ஓகஸ்ட்டில பெட்டி கட்டச் சொன்னவை. கிளீவ்லாண்டுக்கு அவர் ஒரு சீசன் மட்ச் ஆடேல்ல. கப் வந்தது, கணக்குச் சரி எண்டு சொல்லலாம். எனக்கு அந்தப் பேரைக் கேக்கேக்க சங்கானைச் சைக்கிள்தான் ஞாபகம் வரும்.

மைக்கல் ஜோர்டானைப் பற்றிக் கெதியாச் சொல்லிப்போட்டு விடுறன். விளையாட்டை விட்டுப்போட்டு 1995 மார்ச்சில சிக்காகோ ரீமுக்குத் திரும்பி வந்தார், அவரின்ர 23ஆம் நம்பரை இனி ஒருத்தரும் போடக்கூடாதெண்டு கழகம் மேல தூக்கிக் கட்டிப்போட்டுது, அதால 45 போட்டார். அந்த வருசம் ஓர்லாண்டோவோட முதல் மட்சில கடைசி நேரம் பின்னால ஓடிவந்த நிக் அன்டர்சன் பந்தைத் தட்டிப் பறிச்சிட்டார், உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரனிட்டயிருந்து. ஒண்டேமுக்கால் வருசம் விட்ட கால் அது, ஜோர்டானெண்டாலும் அப்பிடித்தான். பேந்து ஒரு கோடை முழுக்க உழைச்சு அடுத்த சீசன் 72 வெற்றி, 10 தோல்வி. ஆனா எங்கட ஆள் விட்டது 15 வருசத்துக்கு மேல, அதையும் யோசியுங்கோ.

அலன் ஐவர்சன் தன்ர பழைய ரீமான பிலடெல்பியாவுக்கு 2009 டிசம்பரில திரும்பி வந்தவர், அரங்கம் நிரம்பி வழிஞ்சுது, நடுக் கோட்டில குனிஞ்சு தரையைக் கொஞ்சினார், பாத்தவைக்குக் கண் கலங்கும். 25 மட்ச். பிறகு வீட்டில பிள்ளைக்குச் சுகமில்லையெண்டு போட்டார், அதைக் குறை சொல்ல ஏலாது. ஆனா ரீம் அந்த வருசம் 82இல 27தான் வெண்டது.

ஸ்காபரோவில என்ர மச்சான் ஒருத்தர் இருக்கிறார், ரொறன்ரோ ராப்டர்ஸ் ரீமின்ர மட்ச் இருக்கிற நாளில போன் எடுத்தாலும் பேசார். அவருக்கு ராப்டர்ஸை விட்டுப் போன வின்ஸ் கார்ட்டர் எண்டா 2004இல இருந்து கோவம். டிசம்பரில ஆள் நியூ ஜேர்சிக்குப் போனது, அதுக்குப் பிறகு ரொறன்ரோவுக்கு எதிர் ரீமில வந்தா பந்து கையில படுற நேரமெல்லாம் சனம் ஊளையிடும், மச்சானும் டீவிக்கு முன்னால இருந்து ஊளையிடுவார், அக்கா சமையலறையில இருந்து பேசுவா. பத்து வருசம். 2014 நவம்பரில மெம்பிஸ் ரீமோட வந்தவருக்கு அரங்கத்தில பழைய ஆட்டங்களைப் போட்டுக் காட்டினவை, சனம் எழும்பிக் கைதட்டுது, கார்ட்டர் வாங்குப் பக்கத்தில நிண்டு அழுறார். மச்சான் எனக்குப் போன் எடுத்து ஒரு சொல்லும் சொல்லாம மூக்கை உறிஞ்சினார். 2024இல 15ஆம் நம்பர் ஜேர்சியை மேல தூக்கிக் கட்டினவை. கவனியுங்கோ, மன்னிச்சினம், மரியாதை செய்தினம், ஆனா விளையாடத் திருப்பிக் கூப்பிடேல்ல. மாலை போடுறது வேற, மட்ச்சில இறக்கிறது வேற. எங்கட குறூப்பில 140 மெசேஜ் அடிச்ச ஆக்கள் இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பியடிக்கினம், அவருக்கு மரியாதை செய்யோணும் எண்டு ஆசைப்பட்டு அவரை ஓட விடப்பாக்கினம்.

அப்ப நான் வேண்டாமெண்டு சொல்லுறனோ? இல்லை. ஜேசன் கிட்டின்ர கதையைக் கேட்டிட்டுச் சொல்லுங்கோ, எனக்கு இதுதான் எல்லாத்திலயும் பிடிச்சது, லெப்ரோன் கதையை விட. 1994இல டல்லஸுக்கு வந்த பொடியன், நல்ல ஓட்டம், பாஸ் குடுக்கிறதில மன்னன், தூரத்தில இருந்து அடிக்க மட்டும் வராது. பேரில முதல் எழுத்தான 'ஜே'யை எடுத்துப்போட்டு அவரை "ஏசன்" எண்டு பகிடி பண்ணினவை, 'ஜே' எண்டா ஜம்ப் ஷொட், எம்பிக் குதிச்சு எறியிறது, அது இவரிட்ட இல்லையாம். ரீமுக்குள்ளயும் சண்டை, 1996இலேயே பீனிக்ஸுக்கு அனுப்பிப்போட்டினம். 11 வருசம் கழிச்சு 2008 பெப்ரவரியில டல்லஸ் திருப்பி எடுத்துது, அப்ப 34 வயசு, சனம் "கிழவனுக்குப் போய் இளம் ஆக்களைக் குடுத்தியளோ" எண்டு பேசிச்சுது. மனுசன் என்ன செய்தவர்? பழைய கிட்டா ஓடிக் காட்ட நிக்கேல்ல. அது இப்ப டேர்க் நொவிட்ஸ்கியின்ர வீடு, பந்து அவரின்ர கைக்குப் போகோணும், அதை இவர் ஏற்றுக்கொண்டவர். ஓடுறதைக் குறைச்சு, வராத மூண்டு பொயின்ற்றைப் பழகி, எதிராளி எங்க வருவான் எண்டு முன்னமே போய் நிண்டு ஆடினார். 2011இல 38 வயசில கப், அதுவும் லெப்ரோன் நிண்ட மயாமியை 4-2 எண்டு அடிச்சு. 2013இல விளையாட்டை விடேக்க அமெரிக்காவின்ர பெரிய லீக்கான என்பிஏயில மூண்டு பொயின்ற் கூட அடிச்ச ஆக்களில மூண்டாவது ஆள் அந்த "ஏசன்"தான்.

எங்கட பக்கத்தில பாருங்கோ, தர்ஜினி சிவலிங்கம். வலைப்பந்துதான், இருந்தாலும் பந்து, வளையம், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. 2009இல இலங்கை ரீமோட ஆசியச் சம்பியன், பேந்து 2018இல, 40 தாண்டின பிறகு 2022இலயும் அவா ரீமில. ஏன் கூப்பிட்டவை? ஆறடி பத்தங்குலம் வயசு போனாலும் ஆறடி பத்தங்குலம்தான், வளையத்துக்குக் கீழ நிண்டு கையை உயத்தினா ஆர் எட்டுறது? கால்தான் முதல் போறது. உயரம் போகாது, கண் போகாது, கை கொஞ்சம் பிந்தித்தான் போகும்.

அதால எங்கட ஆளிட்ட எது மிஞ்சியிருக்கு எண்டு பாக்கோணும். அவர் ஆடின ஆட்டமும் இப்ப இல்லை. இந்த விளையாட்டு 1891இல அமெரிக்காவின்ர மாசசூசெற்ஸில தொடங்கேக்க அதைக் கண்டுபிடிச்ச நெயிஸ்மித் மாட்டினது பீச்சஸ் பழக் கூடை, கூடைக்கு அடி இருந்தது, பந்து விழுந்தா மேல ஏறித்தான் எடுக்கோணும். அந்த மாசசூசெற்ஸில இருந்துதான் 1816இலேயே அமெரிக்கன் மிஷன்காரர் இஞ்ச வந்து வட்டுக்கோட்டை, உடுவில் எண்டு பள்ளிக்கூடம் கட்டினவை, சரி அது வேற கூட்டத்துக்கு வைச்சிருக்கிறன். இவர் போனபிறகு 2010 ஒக்டோபரில மூண்டு பொயின்ற் கோடு 6.25இல இருந்து 6.75 மீற்றருக்குப் போட்டுது, அரை மீற்றர். வளையத்துக்கு முன்னால கீழ விரிஞ்சு கிடந்த பெட்டி நேர்ச் செவ்வகமாப் போச்சு. எங்கட மைதானத்தில பழைய கோட்டைச் சுரண்டிப் புதுசுக்குப் பெயின்ற் அடிக்கேக்க நூல் பிடிச்சது நான்தான். போன சனிக்கிழமை அவர் சும்மா வந்து நிண்டு எறிஞ்சவர், நான் மதில் கரையில இருந்து பாத்துக்கொண்டிருந்தனான், கால் தானா பழைய இடத்துக்குத்தான் போகுது, புதுக் கோட்டுக்கு உள்ளுக்கு ஒரு எட்டு. ஒவ்வொரு பந்தும் விழுந்துது. ஒவ்வொண்டும் ரெண்டு பொயின்ற்தான். பிறகு குனிஞ்சு பாத்திட்டுத் தானா ஒரு அடி பின்னால வைச்சார், ஆரும் சொல்லேல்ல. அதைக் கண்டபிறகுதான் எனக்கு இவரைப் பற்றிக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

கொமிட்டியிட்ட நான் கேக்கிறது இவ்வளவுதான். ஆளைக் கூப்பிடுங்கோ, முதல் ஐஞ்சுக்குள்ள வேண்டாம். 40 நிமிசத்தில எட்டு நிமிசம், ஆகக்கூடினா பத்து, எதிர் ரீம் பெட்டிக்குள்ள கூடி நிக்கிற நேரம் மூலையில விட்டா அடிப்பார். மிச்சநேரம் வாங்கில எங்கட பொயின்ற் கார்டுக்கு, பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்திறவனுக்கு, பக்கத்தில இருந்து, "அங்க பார், அவன் இடக்கைக்காரன்" எண்டு சொல்லிக் குடுக்கட்டும், அது எங்கட பொடியளுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்ல, நான் உட்பட. மூண்டு மாதம் எல்லாரையும் போல பயிற்சிக்கு வரோணும், செவ்வாய், வியாழன், சனி. எட்டு நிமிசம் காணாது எண்டு சொன்னா மாலையைப் போட்டு, ரோல்ஸும் பிளேன்ரீயும் குடுத்து, கையெடுத்துக் கும்பிட்டு விடுங்கோ, அதில அவருக்கும் குறைவில்லை எங்களுக்கும் குறைவில்லை.

செயலாளர் தம்பி, நீர்தானே அவருக்குப் போன் எடுக்கப்போறீர். செவ்வாய் பின்னேரம் நாலரைக்கு வரச்சொல்லும். 7ஆம் நம்பரைப் பற்றி அவர் கேட்டா, அதை இப்ப கொக்குவில் பொடியன் போடுறான், வியர்வை ஊறின ஜேர்சி, கழட்டச் சொல்ல ஏலாது எண்டு சொல்லும். 15 காலியாக் கிடக்கு, அலுமாரியில மேல் தட்டில, நான் இண்டைக்கு விடிய எடுத்துப் பாத்தனான், தோள்மூட்டில ஒரு தையல் விட்டிருக்கு, அதை மட்டும் தைப்பிச்சு வையும்.